ஜாடைக்கு ஓர் ஆங்கில வார்த்தை

சிறுசேரியில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் ஷீலா போன மாதம் சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. அவர்கள் அலுவலகக் கூட்டங்களில் இப்போது யாரும் குறிப்பு எடுப்பதில்லையாம். பேசுவதையெல்லாம் கணினியே கேட்டு, சுருக்கி எழுதி, எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறதாம். இவள் சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை, வேலை தாமதமானதற்கு இன்னார்தான் காரணம் என்று இவள் மறைமுகமாக உணர்த்தியதாக அது எழுதிவிட்டது. அந்த இன்னார் இரண்டு நாளாக இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல பெரியம்மா. 'இம்ப்ளைடு'ன்னு போட்டிருக்கு. நீங்க முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டெனோவா இருந்தீங்களே, உங்க காலத்துல இந்த மாதிரி ஆனது உண்டா?"

உண்டு. அந்தத் தப்பைச் செய்தது கணினி இல்லை, நான்தான். அதை அவளிடம் சொன்னேன். எழுதி வையுங்கள் என்றாள்.

என் அப்பா ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். நான் பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும்போது காலமானார். இரண்டு தங்கைகள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் நடந்த இன்ஸ்டிட்யூட்டில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றேன். இரண்டிலும் ஹையர் தேறியதும் பங்குத் தந்தை ஒரு கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போய், பல்லாவரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. தகரத்தை அழுத்தி மோட்டார் வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.

தொழிலாளர் விஷயங்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசரிடம் என்னை ஸ்டெனோவாகப் போட்டார்கள். அவர் பெயர் தேவசகாயம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒல்லியான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது அவரிடம் பொய் சொன்னால் "அப்படியா?" என்பார், அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வுக்குப் பிறகு பெரும்பாலும் அவர்களே திருத்திச் சொல்லிவிடுவார்கள். தொழிலாளர் மீது குற்றச்சாட்டு வந்தால் நடக்கும் உள்விசாரணையை அவர்தான் நடத்துவார். அதற்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி மரநாற்காலிகள், அவருக்கும் அதேதான். முதலில் எல்லோருக்கும் தேநீர் வரும். குற்றம் சாட்டப்பட்டவர் குடித்து முடிக்கும் வரை சார் பேனா மூடியைத் திறக்க மாட்டார். கேள்வியும் பதிலும் தமிழில் நடக்கும். நான் ஆங்கிலத்தில் எடுத்துத் தட்டச்சு செய்வேன். சாயங்காலம் அதை நானே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு எல்லோரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுவார்கள். எங்கேயாவது பிழை இருந்தால் ரப்பரால் அழிக்க விடமாட்டார். ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்த வார்த்தை கீழே படிக்கக் கிடைக்க வேண்டும் என்பார்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வேடிக்கை நடந்தது. தகரத்தை அழுத்தும் பிரிவான பிரஸ் ஷாப்பில் முனுசாமி என்று ஒருவர் இருந்தார். நான்கு நாள் விடுப்பு கேட்டுத் தமிழில் எழுதியிருந்தார். 'என் சம்சாரம் முழுகாமல் இருக்கிறபடியால் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும்' என்பது விண்ணப்பம். ஒர்க்ஸ் மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். எனக்கு இருபது வயது. கர்ப்பம் என்பதை ஆண்களுக்குப் போகும் காகிதத்தில் எழுத வெட்கமாக இருந்தது. நாசூக்காக 'இண்டிஸ்போஸ்டு' என்று போட்டுவிட்டேன். உடம்பு சரியில்லை என்று பொருள்.

மேனேஜர் நல்ல மனிதர். பாவம், சம்சாரத்துக்கு என்னவோ என்று தொழிற்சாலை நர்ஸை ஜீப்பில் முனுசாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சீருடையில் நர்ஸ் வந்து இறங்கியதைப் பார்த்த அந்தப் பெண், புருஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அலறி, தெருவே கூடிவிட்டது.

மறுநாள் முனுசாமி என் மேஜைக்கு வந்தார். "இன்னாம்மா இப்டி பேஜார் பண்ணிட்டே? முயுகாம இருக்கான்னு எயுதினா ஊருக்கே தெரியுமே, உனுக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தேவசகாயம் சார் ஒன்றே ஒன்று சொன்னார். "வெட்கப்படறது உங்க உரிமை மிஸ் ரெஜினா. ஆனா அவரோட லெட்டர்ல வெட்கப்படக் கூடாது."

அந்த வாரமே பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமனான தமிழ்–ஆங்கில அகராதி வாங்கினேன். இனிமேல் மழுப்பலாக எதையும் எழுதக் கூடாது, எந்தத் தமிழ் வார்த்தை வந்தாலும் அதற்குச் சரியான ஆங்கில வார்த்தையைப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. மதிய உணவு நேரத்தில் அகராதியைப் புரட்டிக்கொண்டே சாப்பிடுவேன். இரண்டொரு வருடத்தில், இங்கிலீஷ் காகிதம் என்றால் ரெஜினாவிடம் போ என்ற பேர் வந்துவிட்டது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த விபத்து நடந்தது. பவர் பிரஸ் என்ற இயந்திரத்தில் தகரத்தை வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். அதற்குமுன் ஒரு கம்பித் தடுப்பு இறங்கிக் கையை வெளியே தள்ளிவிடும். அந்தத் தடுப்பைக் கார்டு என்பார்கள். கார்டு இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் சற்று நேரம் கூடுதலாகும். அன்று காலை முனுசாமியின் இயந்திரத்தில் கார்டு இல்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவரைத் துண்டால் கையைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். விபத்து அறிக்கையில், 'தடுப்பு அதன் இடத்தில் காணப்படவில்லை' என்று எழுதினார்கள். அதை யார் எடுத்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

மூன்றாம் நாள் பிரஸ் ஷாப் ஃபோர்மேன் வரதராஜன் என் மேஜைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு கம்ப்ளைன்ட் எழுதணும்மா, இங்கிலீஷ்ல. எத்திராஜ் கேன்டீன்ல அத்தனை பேர் நடுவுல என்னை ஜாடையா பேசறான். 'கார்டு தானா கயண்டுகினு போயிருக்கும், அதுக்குக் காலு கீது பாரு'ன்றான். எல்லாரும் சிரிக்கிறானுங்க. என்னைத்தான் சொல்றான்."

எத்திராஜ் முனுசாமிக்குப் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்தவர். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர்.

நான் அகராதியை எடுத்தேன். ஜாடையாகப் பேசுவது என்பதற்கு நேரே வரிசையாகப் பல வார்த்தைகள் இருந்தன. ஹின்ட், அல்யூட், இம்ப்ளை, இன்சினுவேட். கடைசி வார்த்தையை அதுவரை நான் எழுதியதில்லை. நீளமாக இருந்தது, அழகாக இருந்தது, ஆபீஸ் காகிதத்துக்கு ஏற்ற மிடுக்கோடு இருந்தது. எத்திராஜ் ஃபோர்மேன்மீது 'இன்சினுவேட்' செய்தார் என்று ஒரு வாக்கியத்தை அமைத்தேன். கேன்டீனில் அவர் சொன்ன வார்த்தைகளைத் தமிழில் எழுதவே இல்லை. கார்டுக்குக் கால் இருப்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? அது அநாகரிகமாகத் தெரிந்தது. வரதராஜன் வாங்கிப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது. "நல்லா எழுதியிருக்கேம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதம் ஒர்க்ஸ் மேனேஜரிடம் போனது. எங்கள் தொழிற்சாலையின் நிலையாணைகளில், அதாவது வேலை நீக்கம் வரைக்கும் போகக்கூடிய விதிகளில், மேலதிகாரியின் மீது 'இன்சினுவேஷன்' செய்வது பெருங்குற்றம் என்று ஒரு விதி இருந்தது. என் வார்த்தை அந்த விதிக்குள் சாவியைப் போலப் பொருந்திக்கொண்டது. மறுநாளே எத்திராஜுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, தற்காலிக வேலை நீக்கம். அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். நான் எழுதிய வார்த்தையையே மேனேஜரும் எடுத்தாண்டிருக்கிறாரே என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் அது உண்மை.

விசாரணை நாளில் எத்திராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி வந்திருந்தார். அவருக்குத் துணையாகப் பேச டூல் ரூம் ஃபிட்டர் காதர் பாய் வந்தார். சக தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. தேநீர் வந்தது. எத்திராஜ் அதைச் சாஸரில் ஊற்றியபோது கொஞ்சம் மேஜைமேல் சிந்தியது. சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முற்பகல் முழுவதும் வரதராஜன் சாட்சியம் சொன்னார். காதர் பாய் ஒரு கேள்வி கேட்டார். "சார், இந்த இங்கிலீஷ் காயிதத்துல எத்திராஜ் இன்னா செஞ்சான்னு போட்டிருக்கு? அத்த மட்டும் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் "ஜாடையாகப் பேசினார்" என்றேன்.

"ஜாடையா பேசினதுக்கா வேலைய எடுப்பீங்க? அப்டின்னா எங்க வூட்டுல ஒருத்தருமே மிஞ்ச மாட்டாங்களே சார்" என்றார் காதர் பாய். சார்கூட லேசாகச் சிரித்தார். ஆனால் எனக்குள் ஏதோ உறுத்தியது. நான் இப்போது வாயால் சொன்ன வார்த்தையும் காகிதத்தில் இருக்கும் வார்த்தையும் ஒன்றுதானா?

உணவு இடைவேளையில் சாருடைய அலமாரியிலிருந்த பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். அதுவரை நான்கு வார்த்தைகளும் ஒரே குடும்பம் என்று நினைத்திருந்தேன். 'ஹின்ட்' என்றால் கோடி காட்டுவது. 'அல்யூட்' என்றால் பேர் சொல்லாமல் தொட்டுவிட்டுப் போவது. 'இம்ப்ளை' என்றால் சொன்னதற்குள் சொல்லாததும் அடங்கியிருப்பது. இவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை. 'இன்சினுவேட்' வேறு சாதி. கெட்டதை நேரே சொல்லத் துணியாமல், கேட்பவன் மனதில் நயவஞ்சகமாக மெல்லப் புகுத்துவது. அதன் மூலச்சொல்லுக்கே வளைந்து வளைந்து நுழைவது என்று பொருள் போட்டிருந்தது. புற்றுக்குள் பாம்பு நுழைவதுபோல. வரதராஜன் சொன்னது ஜாடை. நான் எழுதியது வஞ்சகம்.

கொண்டுபோன தயிர்சாதம் அப்படியே இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? விசாரணையில் ஸ்டெனோ வாயைத் திறக்கக் கூடாது என்பது முதல் பாடம். சொன்னால் வேலை போகலாம். பெரிய தங்கைக்கு அப்போதுதான் டீச்சர் ட்ரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. பிற்பகல் முழுவதும் வாயை மூடிக்கொண்டு எழுதினேன். விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின.

நாலு மணிக்கு வாசித்துக் காட்டும் நேரம் வந்தது. ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன், ஒவ்வொன்றாகக் கையெழுத்தானது. புகாரைப் பற்றிய பக்கம் வந்தது. எத்திராஜ் பேனாவை வாங்கிக்கொண்டு, குனிந்து, எழுத்துக் கூட்டித் தன் பேரை எழுதத் தொடங்கினார். நான் இன்னும் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை.

"இருங்க, இன்னும் படிக்கலை" என்றேன்.

"நீ படிச்சா சரியாத்தாம்மா இருக்கும். எங்க போடணும் சொல்லு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். "சார், இதுல 'இன்சினுவேட்'டுங்கற வார்த்தை ஃபோர்மேன் சார் சொன்னது இல்ல. நான் போட்டது."

தேவசகாயம் சார் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"மிஸ் ரெஜினா, ஸ்டெனோ நாற்காலியில இருந்து யாரும் பேச முடியாது."

முடிந்தது என்று நினைத்தேன். அவர் எதிரே காலியாக இருந்த சாட்சி நாற்காலியைக் காட்டினார். "பேசறதா இருந்தா அங்க வந்து உட்காருங்க."

"அப்ப யார் சார் எயுதுவாங்க?" என்றார் காதர் பாய்.

"நான் எழுதறேன்."

சார் வெள்ளைத் தாளை எடுத்துத் தன் கையால் எழுதத் தொடங்கினார். என் பெயர், தகப்பன் பெயர், எத்தனை வருட வேலை என்று எல்லோரையும் கேட்பதுபோலவே என்னையும் கேட்டார். வரதராஜன் என்ன சொன்னார், நான் என்ன எழுதினேன், அதற்கு என்ன பொருள், எந்த அகராதி, ஏன் அந்த வார்த்தை?

"நல்லா இருந்தது சார். அதான் போட்டேன்."

அதையும் எழுதினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான், நம் வாயிலிருந்து வந்ததை இன்னொருவர் கை எழுதுவதைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தது. பேனா என்ன கிறுக்குகிறது என்ற பதைப்பு. எத்தனை பேரை அப்படி என் எதிரில் உட்கார வைத்திருக்கிறேன்! சார் எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். 'ஜாடையா' என்ற இடத்தில் ஆங்கிலமே போடவில்லை. அந்த வார்த்தையைத் தமிழிலேயே எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

எத்திராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் வாய நம்பித்தானம்மா காலைலேர்ந்து குந்திகினு இருக்கேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று பலநாள் நினைத்திருக்கிறேன்.

"சாட்சி முடிஞ்சது. உங்க இடத்துக்குப் போங்க" என்றார் சார். மறுபடி நோட்டை எடுத்தேன். காதர் பாய் வரதராஜனைப் பார்த்துத் திரும்பினார்.

"சார், கோச்சுக்காதீங்க. கார்டுக்குக் காலு கீதுன்னுதான் எத்திராஜ் சொன்னான். ஒங்க பேரச் சொல்லல. கேன்டீன்ல அம்பது பேர் கேட்டுகினு இருந்தாங்க. அது ஒங்களத்தான்னு ஒங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?"

வரதராஜன் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அந்த ஷிஃப்ட்ல கார்டைக் கழட்டுன்னு சொல்ல என்னை விட்டா வேற யாருக்கு அதிகாரம்?"

என் பென்சில் 'அட்மிட்டட்' என்று எழுதத் துடித்தது. ஒப்புக்கொண்டார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எத்திராஜுக்கு நான் செய்ததற்கு அது ஈடாகவும் இருக்கும். ஆனால் வரதராஜன் ஒப்புக்கொண்டேன் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை எழுத்து மாறாமல் தமிழிலேயே எழுதி, கேள்விக்குறி போட்டேன். வாசித்துக் காட்டியபோது அவர் தலையாட்டி, "நான் சொன்னதுதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று சார் அறிக்கை கொடுத்தார். ஒரு பக்கம்கூட இல்லை. சாட்சியங்களை அப்படியே பின்னால் இணைத்திருந்தார், அவ்வளவுதான். ஒர்க்ஸ் மேனேஜர் அதைப் படித்துவிட்டு வரதராஜனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து, கார்டு இறங்காவிட்டால் பெடலே அசையாதபடி எல்லாப் பிரஸ்களிலும் மாற்றம் செய்தார்கள். வரதராஜன் அந்த வேலையை முன்னால் நின்று பார்த்தார். முனுசாமிக்குக் கருவிகள் கொடுத்து வாங்கும் கவுன்ட்டரில் வேலை கிடைத்தது. எத்திராஜ் தன் இயந்திரத்துக்குத் திரும்பினார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வந்தது என்ன, நானே எழுதினேன். ஒரு காலையில் சார் கூப்பிட்டு, "டிக்டேஷன் எடுங்க" என்றார். பெறுநர் பெயருக்கு என் பெயரைச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தொடர்ந்தார். புகார் ஒன்றை மொழிபெயர்க்கையில் சொல்லப்படாத பொருள் தரும் வார்த்தையைச் சேர்த்தீர்கள் என்பதுவரை சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"இங்க ஒரு வார்த்தை வேணும். 'கேர்லெஸ்'ஸா, 'இனட்வர்டன்ட்'டா? நீங்களே சொல்லுங்க."

முன்னது அசட்டை, பின்னது தெரியாமல் நேர்ந்தது. பின்னது எனக்குச் சாதகம். "'கேர்லெஸ்' சார்" என்றேன்.

"எழுதுங்க."

கடிதத்தைத் தட்டச்சு செய்து, ஒரு பிரதியை என் கோப்பில் நானே சேர்த்தேன். அதற்குமேல் அவர் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்று முதல் விசாரணைத் தாளின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. இடப்பக்கம் அவர்கள் பேசிய தமிழ், பேசியபடியே. வலப்பக்கம் என் ஆங்கிலம். வேலை இரட்டிப்பானது. நான் ஓய்வுபெறும் வரை அந்தக் கோடு இருந்தது. சார் அதற்கு முன்பே ஓய்வு பெற்று, ஊருக்குப் போய், சில வருடங்களில் இறந்துபோனார். என்னை அவர் வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அல்லது பரிதாபப்பட்டு, பார்க்காததுபோல அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் ஒரு நாற்காலியைக் காட்டினாரே, அதற்கு இன்றும் அவரை ஜெபத்தில் நினைக்கிறேன்.

ஆனால் எத்திராஜ் என்னோடு பேசவில்லை. அவர் கடப்பேரி, நான் சிட்லபாக்கம். இரண்டு பேரும் சானடோரியம் ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறவர்கள். தினமும் காலையில் பிளாட்பாரத்தில் பார்ப்பேன். முன்பெல்லாம் தலையசைப்பார். இப்போது என்னைக் கண்டால் திரும்பி நின்றுகொள்வார். ஏழு மாதம் அப்படியே போனது.

ஐப்பசி மழை. மூன்று நாளாக விடாமல் கொட்டியது. தொழிற்சாலையை மூன்று மணிக்கே மூடினார்கள். பல்லாவரத்தில் தண்டவாளம் தண்ணீருக்குள். ரயில் இல்லை, பஸ்ஸும் இல்லை. எல்லோரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடக்கத் தொடங்கினோம். குரோம்பேட்டை தாண்டியபோது கூட்டம் கரைந்துவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர். எனக்கு முன்னால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். நடையைப் பார்த்ததும் எத்திராஜ் என்று தெரிந்தது. நான் வேண்டுமென்றே பின்தங்கினேன்.

அவர் திரும்பாமலே கையை நீட்டிச் சொன்னார். "அந்தாண்ட பள்ளம் கீது. எம் பின்னாடியே வா."

கொஞ்ச தூரம் அவர் காலடி பார்த்து நடந்தேன்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க."

"இன்னாத்துக்கு?"

"அந்த வார்த்தைக்கு."

ஒரு லாரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. அது போன பிறகு, "ஒண்ணு சொல்லட்டா?" என்றார். "அன்னிக்கி நான் வரதராஜன் சாரத்தான் சொன்னேன்."

நான் நின்றுவிட்டேன். "அப்ப... நான் எழுதினது சரிதானேண்ணா?"

"அதெப்டி சரியாவும்? அந்த வார்த்தைல வஞ்சகம் கீதுன்னு நீதானே சாட்சி சொன்னே. எங்கிட்ட இன்னா வஞ்சகம் இருந்துச்சு? பயந்தான் இருந்துச்சு." நடந்துகொண்டே பேசினார். "மூணு கொயந்தைங்க. அவுர்தான் கயட்டச் சொன்னாருன்னு நேரா சொன்னா எனுக்கு நாளிக்கு வேலை இருக்காது. சொல்லாமயே இருந்தா முனுசாமி மூஞ்சில எப்டி முயிக்கிறது? அதான் கார்டுக்குக் காலு வெச்சேன்."

நான் அகராதியில் வரிசையாகப் பார்த்த நான்கு வார்த்தைகளையும் அந்தத் தண்ணீருக்குள் நின்று நினைத்துப் பார்த்தேன். கோடி காட்டுகிறவன் இருந்தான், தொட்டுவிட்டுப் போகிறவன் இருந்தான், வஞ்சகன் இருந்தான். பயந்தவன் எதிலும் இல்லை. பயத்தோடும் ஒரு சிநேகிதனுக்காக வாயைத் திறந்தவனும் இல்லை.

"நீயும் அன்னிக்கி பயந்துகினுதானே எய்ந்து நின்னே?" என்றார் எத்திராஜ். "பாத்தேன். அப்ப கோவம். வூட்ல எம் பொஞ்சாதிதான் சொல்லிச்சு. அந்தப் பொண்ணு வாயத் தொறக்காம இருந்திருந்தா நீ இந்நேரம் தெருவுல நின்னிருப்பேன்னு. ஏயு மாசமா சொல்லிகினே கீது. எனுக்குத்தான் ஒங்கிட்ட வந்து இன்னா பேசறதுன்னு தெரியல."

சானடோரியம் ரயில்வே கேட்டில் அவர் மேற்கே திரும்ப வேண்டும், நான் கிழக்கே. ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எத்திராஜ் தலையிலிருந்த சாக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். "புடி" என்று தந்துவிட்டு மேற்கே நடந்தார்.

மழை விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் ரயில் ஓடியது. காலையில் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். எத்திராஜ் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, வூட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சா?"

"வாசப்படி வரைக்கும் வந்துதுண்ணா. உள்ள வரலை."

"தொண்ட கட்டிகினு கீதே. சுக்கு தட்டிப் போட்டுக் குடி" என்றார்.

ரயில் வந்தது. அன்று ஆபீசுக்குள் நுழைந்தபோது என் முகம் எப்படியிருந்ததோ தெரியவில்லை. தேவசகாயம் சார் காகிதத்திலிருந்து நிமிர்ந்து, "என்ன மிஸ் ரெஜினா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சந்தோஷமா இருக்கேன்" என்றேன்.